ஆளைப் பார்த்து ஜாமீன் நில்லுங்கள்

பொதுக் காப்பீட்டு நிறுவனங்களின் தலைவர்களுக்கும், யாருக்குக் காப்பீடு கொடுக்கலாம் என்று எடைபோட்டு முடிவெடுக்கும் தலைமை அண்டர்ரைட்டர்களுக்கும் வணக்கம்.

போன மாதம் ராசிபுரத்திலிருந்து ஒரு கான்ட்ராக்டர் எனக்குப் போன் செய்தார். இருபது வருடப் பழக்கம். சிறுபாலம், பள்ளிக் கட்டடம், மேல்நிலைத் தொட்டி என்று அரசு வேலைகளை எடுத்துச் செய்கிறவர். "சார், பேங்க்ல கேரண்டிக்கு நூத்துக்கு நூறு எஃப்.டி. போடச் சொல்றாங்க. இன்சூரன்ஸ்ல பாண்ட் குடுப்பாங்க, பணம் முடங்காதுன்னு நீங்கதான சொன்னீங்க? போய்க் கேட்டா அவங்களும் எஃப்.டி.தான் கேக்கறாங்க. அப்புறம் எதுக்கு சார் நான் அங்க போகணும்?" என்றார்.

அரசு வேலை எடுப்பவர், அதை முடிப்பேன் என்பதற்கு ஓர் உத்தரவாதம் கொடுக்க வேண்டும். வங்கி கொடுத்தால் கேரண்டி, காப்பீட்டு நிறுவனம் கொடுத்தால் பாண்ட். அதைத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று சமாளித்து போனை வைத்தேன். வைத்த பிறகு மனசு ஆறவில்லை. அவர் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள் என்பதால் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் சிவில் டிப்ளமா படித்துவிட்டு 1997-ல் காப்பீட்டுத் துறைக்கு வந்தவன். முதல் பத்து வருடம் பொறியியல் காப்பீடு. கட்டிக்கொண்டிருக்கும் பாலத்துக்கும் தொழிற்சாலைக்கும் கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க் பாலிசி போடுவது, இடிந்து விழுந்தால் சேதத்தை மதிப்பிடும் சர்வேயருடன் போய்ப் பார்ப்பது. அப்புறம் தீ, மரைன், பொறுப்புக் காப்பீடு எல்லாம் பார்த்தேன். சில வருடங்களாக ஷூரிட்டி பாண்ட், அதாவது கட்டுமான வேலைகளுக்கு ஜாமீன் நிற்பது.

ஜாமீன் என்ற சொல்லையே எங்கள் வீட்டில் சொல்ல மாட்டார்கள். என் அப்பா ஒரு பங்காளிக்காகக் கூட்டுறவு வங்கியில் ஜாமீன் கையெழுத்துப் போட்டு, இரண்டு ஏக்கர் நிலத்தை விற்றுக் கடனை அடைத்தவர். எனக்கு வேலைக்கான ஆர்டர் வந்த அன்று, "என்ன வேணா செய், யாருக்கும் ஜாமீன் மட்டும் நிக்காத" என்றார். கடைசியில் அதையே தொழிலாகச் செய்கிறேன். யோசித்துப் பார்த்தால், அப்பா ஜாமீன் நின்றது தப்பே இல்லை. பங்காளி என்பதற்காக, அந்த ஆள் என்ன தொழில் செய்கிறான், ஏற்கெனவே எங்கே எவ்வளவு வாங்கியிருக்கிறான் என்று ஒரு வார்த்தை விசாரிக்காமல் நின்றார். தப்பு அங்கே நடந்தது. உங்கள் நிறுவனங்கள் இப்போது அதே தப்பை இரண்டு விதமாகச் செய்கின்றன. ஒன்று, தரகர் கொண்டுவந்த பெரிய பெயர் என்பதற்காக ஆளை விசாரிக்காமல் பாண்ட் கொடுக்கிறீர்கள். இல்லையென்றால், பணத்தை முழுசாகப் பிடித்து வைத்துக்கொண்டு, அப்போதும் ஆளை விசாரிக்காமலே கொடுக்கிறீர்கள்.

இந்தத் தொழில் என்ன என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் இந்த மடலைப் படிக்கப்போகும் இளைஞர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். தீக்காப்பீட்டில் இரண்டு பேர்: பாலிசி எடுத்தவர், நிறுவனம். ஆயிரம் பேரிடம் பிரீமியம் வாங்கி, எரிந்துபோன நாலு பேருக்குக் கொடுக்கிறோம். நஷ்டம் வரும் என்று கணக்குப் போட்டுத்தான் கட்டணமே நிர்ணயிக்கிறோம். ஜாமீனில் மூன்று பேர். வேலை கொடுக்கும் துறை, வேலை செய்யும் கான்ட்ராக்டர், நடுவில் ஜாமீன் நிற்கும் நாம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 126-ஆவது பிரிவில் இந்த மூவரையும் வரிசையாகச் சொல்கிறது. கான்ட்ராக்டரின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் ஜாமீன்தாரரின் பொறுப்பு என்கிறது 128. ஜாமீன்தாரர் முறைப்படி கட்டிய பணத்தை, யாருக்காகக் கட்டினாரோ அவரிடமே திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்கிறது 145. அதாவது இங்கே நஷ்டம் வரும் என்று எதிர்பார்த்து யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. இந்த ஆள் வேலையை முடிப்பார் என்று நம்பித்தான் போடுகிறோம். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் தேடுவதுதான் எங்கள் வேலை. மற்ற எந்தக் காப்பீட்டிலும் இல்லாத வேலை இது.

2022 பிப்ரவரி 1-ஆம் தேதி பட்ஜெட் உரையில், அரசுக் கொள்முதலில் வங்கி உத்தரவாதத்துக்குப் பதிலாக ஷூரிட்டி பாண்டையும் ஏற்கலாம் என்று நிதியமைச்சர் அறிவித்தபோது நான் நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். அதற்கு முந்தைய மாதமே காப்பீட்டுத் துறையின் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டிருந்தது. ஏப்ரல் 1 முதல் அவை நடைமுறைக்கு வந்தன. மத்திய அரசின் பொது நிதி விதிகளிலும் 170, 171-ஆவது விதிகளைத் திருத்தி, டெண்டர் வைப்புக்கும், வேலையை ஒப்பந்தப்படி முடிப்பதற்கான செயல்பாட்டு உத்தரவாதத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்தின் பாண்டைச் சேர்த்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் முதல் பாண்ட் திட்டமும் சந்தைக்கு வந்தது. ஒரு பாண்டின் மதிப்பு ஒப்பந்தத் தொகையில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று முதலில் ஒரு வரம்பு இருந்தது. 2023 ஜனவரியில் அதையும் எடுத்துவிட்டார்கள். அரசு தன் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டது என்றே நினைத்தேன்.

ராசிபுரத்துக்காரரின் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். அவர் கையில் இப்போது மூன்று வேலைகள், ஒவ்வொன்றும் சுமார் நாலு கோடி. ஐந்து சதவீத உத்தரவாதம் என்றால் ஒரு வேலைக்கு இருபது லட்சம், மூன்றுக்கும் சேர்த்து அறுபது லட்சம். வங்கி நூற்றுக்கு நூறு வைப்பு கேட்பதால் அந்த அறுபது லட்சமும் எஃப்.டி.யில் தூங்குகிறது. அதற்கு வருடம் ஆறரை, ஏழு சதவீதம் வட்டி வருகிறது. அதே சமயம் கம்பிக் கடையிலும் ஜல்லி குவாரியிலும் கடன் சொல்லி, மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டியில் வேலையை ஓட்டுகிறார். வருடத்துக்கு இருபத்து நாலு சதவீதம். தன் சொந்தப் பணத்தை ஏழுக்குப் போட்டுவிட்டு அடுத்தவர் பணத்தை இருபத்து நாலுக்கு வாங்குகிறார். வேலை முடிந்தாலும் தீராது. முடித்த வேலையில் பழுது வந்தால் சரிசெய்து தர வேண்டிய பழுதுப் பொறுப்புக் காலம் முடியும்வரை உத்தரவாதம் உயிரோடு இருக்க வேண்டும். அது முடிந்த பிறகும் அசல் பத்திரம் துறையிலிருந்து திரும்பி வரும்வரை வங்கி கமிஷன் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஒரு தாளுக்காக அவர் மாவட்ட அலுவலகத்துக்கு நடந்த நடை எனக்குத் தெரியும்.

இந்த மனிதருக்காகத்தான் ஷூரிட்டி பாண்ட் வந்தது என்று நான் நம்பினேன். பெரிய நிறுவனங்களுக்கு வங்கிகள் பத்து சதவீதம் மட்டும் வைப்பாக வாங்கிக்கொண்டே உத்தரவாதம் கொடுக்கும். அவர்களுக்கு நாம் ஒன்றும் பெரிய உதவி இல்லை. கடன் வரம்பில் கொஞ்சம் இடம் மிச்சமாகும், அவ்வளவுதான். நம்முடைய அவசியம் உண்மையில் சின்னவர்களுக்கும் நடுத்தரமானவர்களுக்கும்தான். ஆனால் நாம் அங்கே போய் வங்கி கேட்டதையே கேட்கிறோம்.

ஏன் கேட்கிறோம் என்பதும் எனக்குத் தெரியும். ஆளை எடைபோட நமக்கு ஆள் இல்லை.

அமெரிக்காவில் 1894-லேயே கூட்டாட்சி அரசின் கட்டுமான வேலைகளுக்கு பாண்டைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். 1935-ல் மில்லர் சட்டம் அதற்குப் பதிலாக வந்தது. அங்கே ஷூரிட்டி அண்டர்ரைட்டர் என்பது தனித் தொழில், தனிப் பரம்பரை. குணம், திறன், மூலதனம் என்று மூன்றைப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள். வரிசையைக் கவனியுங்கள். மூலதனம் மூன்றாவது. நம் ஊரில் அது மட்டும்தான் பார்க்கப்படுகிறது, அதுவும் ஆடிட்டர் கையெழுத்திட்ட தாளில்.

குணம் என்றால் என்ன, அதை எப்படிப் பார்ப்பது என்று கேட்பீர்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

2005 மழைக்காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தமிழ்நாடு முழுக்க வெள்ளம். கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு ஓடைப்பாலம், மேல்தளத்துக்கு சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டி முடித்திருந்தார்கள். இரவோடு இரவாகத் தண்ணீர் வந்து முட்டுக்கட்டைகளை எல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது. பாலிசி எங்களுடையது என்பதால் சர்வேயரோடு நானும் போனேன். நாங்கள் போய்ச் சேர்ந்தது சனிக்கிழமை மாலை. கான்ட்ராக்டர் ஓடைக்கரையில் ஒரு கவிழ்த்த தார் டிரம் மேல் நோட்டை விரித்துவைத்துச் சம்பளம் போட்டுக்கொண்டிருந்தார். கொத்தனார்கள், கம்பி கட்டுகிறவர்கள், சித்தாள் பெண்கள் எல்லாம் வரிசையில் நின்றார்கள். தண்ணீர் வந்த பிறகு வேலை நடக்காத இரண்டு நாளுக்கும் பாதிக் கூலி போட்டார். எங்களை ஏறிட்டுப் பார்த்து, "பத்து நிமிஷம் சார், இவங்க பஸ்சுக்குப் போகணும்" என்றார். கடைசி ஆள் போன பிறகுதான் எழுந்து வந்து, அடித்துக்கொண்டு போன சென்ட்ரிங் எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று காட்டினார். மிச்சமிருந்ததைக் குறைத்துச் சொல்லவில்லை. கீழே அரை மைல் தள்ளி ஒதுங்கிக் கிடந்த பலகைகளையும் அவரே கூட்டிப்போய்க் காட்டி, இதைக் கழித்துக்கொள்ளுங்கள் என்றார். எங்களுக்கு அது தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை.

ராசிபுரத்திலிருந்து போன் செய்தவர் அவர்தான். அந்த ஆளிடம் நீங்கள் எஃப்.டி. கேட்கிறீர்கள்.

இன்னொரு இடத்தையும் சொல்கிறேன். 2023-ல் ஒரு நிறுவனத்துக்கு ஷூரிட்டி ஆலோசகனாக இருந்தேன். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஒரு பெரிய பாலத்துக்குச் செயல்பாட்டு பாண்ட் கேட்டு வந்த கோப்பு. மூன்று வருட பேலன்ஸ் ஷீட் பளபளவென்று இருந்தது. நிகர மதிப்பு, கடன் விகிதம், வங்கிக் கடிதம் எல்லாம் சரி. நான் அவர்கள் அப்போது செய்துகொண்டிருந்த இன்னொரு வேலையைப் பார்க்கப் போனேன். கான்கிரீட் போட்டால் சோதனைக்காகக் க்யூப் எடுத்து ஏழாம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் உடைத்துப் பார்ப்பார்கள். அதுவரை க்யூப்கள் தண்ணீர்த் தொட்டியில் ஊற வேண்டும். அங்கே தொட்டி காய்ந்து அடியில் இலை கிடந்தது. அச்சுகளில் துரு. மாதாமாதம் கான்கிரீட் போட்டதாக பில் மட்டும் போயிருந்தது. சிமென்ட் கொட்டகையில் முப்பது மூட்டைகூட இல்லை. எக்ஸ்கவேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஆயில் கறை இருந்தது, வண்டி இல்லை. எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்தேன். அங்கே இருந்த ஆபரேட்டர் பையன், இரண்டு மாதமாக பேட்டா வரவில்லை, வண்டியை வேறு வேலைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்றான். ஒரு வேலைக்கு வந்த முன்பணத்தை எடுத்து இன்னொரு வேலையின் பள்ளத்தை நிரப்புகிறார்கள் என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது.

வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். அது மார்ச் மாதம். கிளைக்கு இலக்கு பாக்கி இருந்தது. "பேலன்ஸ் ஷீட்டில் குறை ஒன்றுமில்லையே, டீக்கடைப் பேச்சை வைத்து எப்படி மறுப்பது?" என்று மேலிருந்து கேட்டார்கள். பாண்டைக் கொடுத்துவிட்டார்கள். எட்டாவது மாதம் வேலை நின்றது, துறை பாண்டைப் பணமாகக் கேட்டது. அதன் பிறகு நிறுவனம் செய்தது எனக்கு இன்னமும் வலிக்கிறது. கோரிக்கைக் கடிதத்தில் தேதி தப்பு, சொல் தப்பு என்று கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி இழுத்தார்கள். நான் கடைசியாகப் போய்ப் பார்த்தபோது ஆற்றின் நடுவில் நாலு தூண்கள் தலையில் கம்பியோடு நின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கி ஏறினார்கள்.

அந்தத் துறையின் பொறியாளர் இனி ஜென்மத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்தின் பாண்டை வாங்க மாட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உங்களில் பலர் என் வயதுக்காரர்கள். 2007 ஜனவரி 1 உங்களுக்கு மறந்திருக்காது. அதுவரை தீக்கும் பொறியியலுக்கும் கட்டணத்தை டாரிஃப் அட்வைசரி கமிட்டி வைத்தது. நாம் புத்தகத்தைப் பிரித்து, கட்டடம் எது, தொழில் எது என்று பார்த்துப் போட்டோம். அன்று கட்டணக் கட்டுப்பாடு போனது. சுதந்திரமாக ரிஸ்க்கை எடைபோடுவோம் என்று கூட்டத்தில் பேசினோம். நடந்தது என்ன? அடுத்த நிறுவனம் எவ்வளவு குறைத்தது என்பதே நம் எடைக்கல்லாகிவிட்டது. எண்பது சதவீதத் தள்ளுபடிக்கு நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அப்படிப் போட்ட கட்டடங்களில் பாதியை நான் நேரில் பார்த்ததில்லை. தீக்காப்பீட்டில் அது தாங்கியது, ஏனென்றால் அங்கே ஆயிரம் பேருக்கு நாலு பேர் கணக்கு. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது அந்தக் கணக்கும் எவ்வளவு ஆடியது என்று பார்த்தோம். ஜாமீனில் ஆயிரம் பேர் என்ற மெத்தையே கிடையாது. ஒரு பாண்ட் என்பது பத்து, இருபது கோடி. ஒன்று போனால் ஐம்பது பாண்டின் பிரீமியம் போகும். இப்போது பாண்ட் கட்டணத்திலும் ஒருவரை ஒருவர் முந்தும் ஓட்டம் ஆரம்பித்திருக்கிறது. காதில் விழுகிற விலைகளைக் கேட்டால் எனக்கு அந்த 2007 நினைவுக்கு வருகிறது.

நீங்கள் சொல்லும் நியாயங்களையும் நான் மறுக்கவில்லை. பாண்டின் வாசகம் வங்கி உத்தரவாதத்தைப் போலவே, கேட்ட உடனே, எந்த மறுப்பும் சொல்லாமல் பணம் கட்ட வேண்டும் என்று இருக்கிறது. வங்கி உத்தரவாதம் ஒரு தனி ஒப்பந்தம், அப்பட்டமான மோசடியோ ஈடுகட்ட முடியாத அநீதியோ இருந்தால்தான் தடை கிடைக்கும் என்பது உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொன்ன சட்டம். வெளிநாட்டில் ஷூரிட்டி நிறுவனத்துக்கு விசாரிக்க நேரம் உண்டு. பழைய கான்ட்ராக்டருக்கே பண உதவி செய்து முடிக்க வைக்கலாம், வேறு ஆளை வைத்து முடிக்கலாம், இல்லையென்றால் பணத்தைக் கட்டலாம். நமக்கு அந்த வழிகள் எழுத்தில் இல்லை. திவால் சட்டத்திலும், கடன் கொடுத்தவர்களின் குழுவில் வங்கிக்கு இருக்கும் இடம் ஜாமீன் நின்ற காப்பீட்டு நிறுவனத்துக்கும் உண்டா என்பதில் உங்களுக்குப் பயம் இருக்கிறது. நியாயமான பயம். அரசிடம் கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன்.

ஆனால் ஒன்று. கேட்ட உடனே கட்ட வேண்டிய பாண்ட் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டுவிட்டு, கேட்ட பிறகு இழுத்தடிப்பதற்கு எந்தச் சட்டத்திலும் நியாயம் கிடையாது. விசாரணை எல்லாம் பாண்ட் கொடுப்பதற்கு முன்னால் முடிய வேண்டும். வாசகம் எவ்வளவு கடுமையோ அவ்வளவுக்கு முன்விசாரணை ஆழமாக இருக்க வேண்டும். அந்த விசாரணையை எஃப்.டி. செய்யாது. எஃப்.டி. நம் பணத்தைக் காப்பாற்றும். ஆற்றின் நடுவில் நிற்கும் தூணுக்கு மேல் தளம் போடாது.

சரி, யார் விசாரிப்பது? இங்கேதான் உங்களிடம் முக்கியமாகக் கேட்க வேண்டியது இருக்கிறது. உங்கள் அலுவலகங்களில் ஷூரிட்டி மேசை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பல இடங்களில் அது இதரக் காப்பீடு பிரிவின் ஒரு மூலை. கால்நடை, கொள்ளை, பண இழப்பு, கண்ணாடி பாலிசிகளைப் பார்க்கும் அதே அதிகாரி, நடுவில் பாண்ட் கோப்பையும் பார்க்கிறார். நல்ல பிள்ளைகள். தேர்வு எழுதி, இன்சூரன்ஸ் இன்ஸ்டிடியூட் பரீட்சைகளை முடித்து, அசோசியேட், ஃபெல்லோ பட்டம் வாங்கியவர்கள். ஆனால் வேலை நடக்க நடக்கப் போடும் ஒரு ரன்னிங் பில்லை, செய்த வேலையின் அளவுகளை எழுதும் ஒரு எம்-புக்கை வாழ்க்கையில் பார்த்ததில்லை. கையில் இருக்கும் வேலைகளின் பட்டியலை வாங்கி, எதில் எவ்வளவு முடிந்தது, எவ்வளவு பில் ஆனது, எவ்வளவு பிடித்தத்தில் நிற்கிறது என்று வரிசையாக எழுதிப் பார்த்தால் கான்ட்ராக்டரின் உண்மையான நிலை அந்த ஒரு தாளில் தெரிந்துவிடும். முடிந்த வேலையைவிட பில் ஆன தொகை அதிகமாகிக்கொண்டே போனால், நாளைய பணத்தை இன்றே செலவழிக்கிறார் என்று அர்த்தம். இதை நான் சொல்லிக் கொடுத்தபோது ஒரு பெண் அதிகாரி, "சார், இது எங்க பாடத்திட்டத்துலயே இல்லையே" என்றாள். ஆறு வாரத்தில் அந்தப் பெண் எனக்கே பாடம் எடுக்கும் அளவுக்கு வந்துவிட்டாள். ஏழாவது வாரம் மோட்டார் க்ளெய்ம் பிரிவுக்கு மாற்றல் ஆர்டர் வந்தது.

அவள் ராஜினாமா செய்யவில்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை. தன் நோட்டை என் மேசையில் வைத்துவிட்டு, "அடுத்து வர்றவங்களுக்குக் குடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த நாற்காலிக்கு அடுத்த ஆள் வர ஏழு மாதம் ஆனது.

மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றல் என்ற விதி மற்ற பிரிவுகளுக்கு நல்லதாக இருக்கலாம். ஷூரிட்டிக்கு அது விஷம். ஒரு கான்ட்ராக்டரை அறிந்துகொள்ளவே மூன்று வருடம் ஆகும். ஒரு நல்ல வருடம், ஒரு கெட்ட வருடம், ஒரு தேர்தல் வருடம் என்று அவரைப் பார்க்க வேண்டும். அப்பா நடத்தும் தொழிலில் மகனுக்கு ஈடுபாடு இருக்கிறதா, அப்பா நாளைக்குப் படுத்துவிட்டால் சைட்டை யார் பார்ப்பார்கள், பங்குதாரர்கள் பேசிக்கொள்கிறார்களா என்பதெல்லாம் கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் தெரியவரும் விஷயங்கள். ஒரு ஆளை அந்த மேசையில் எட்டு, பத்து வருடம் உட்காரவையுங்கள். அவருக்குப் பதவி உயர்வு அந்த மேசையிலேயே கிடைக்கட்டும். மாற்றலாகிப் போனால்தான் மேலே போக முடியும் என்றால் எந்தப் புத்திசாலியும் அங்கே இருக்க மாட்டான்.

ஆளை எங்கே தேடுவது என்று கேட்காதீர்கள். நம் மாநிலத்தில் வருடாவருடம் எத்தனை பாலிடெக்னிக்கிலிருந்து சிவில் படித்த பிள்ளைகள் வெளியே வருகிறார்கள்! பலர் சைட் சூப்பர்வைசராக வெயிலில் நின்று நாலு வருடத்தில் களைத்துப்போய், ஏதாவது விற்பனை வேலைக்குப் போய்விடுகிறார்கள். நாலு வருடம் சைட்டில் நின்ற ஒரு பையனுக்குச் சென்ட்ரிங் சரியாக இருக்கிறதா, எம்-சாண்டில் தூசி அதிகமா, மேஸ்திரிக்குக் காசு வருகிறதா என்பது நடந்துபோகும்போதே தெரியும். அவனுக்கு பேலன்ஸ் ஷீட் படிக்கச் சொல்லிக் கொடுப்பது ஆறு மாத வேலை. இந்தப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு தொழில் இருப்பதே தெரியாது. எந்தக் கல்லூரி வேலைவாய்ப்பு முகாமிலும் ஷூரிட்டி அண்டர்ரைட்டர் என்ற பெயரை நான் கேட்டதில்லை. தயவுசெய்து போங்கள். மதுரைக்கும் சேலத்துக்கும் திருநெல்வேலிக்கும் போய் ஆள் எடுங்கள். 1972 சட்டத்துக்குப் பிறகு நூற்றுக்கு மேற்பட்ட கம்பெனிகளை நாலாகச் சேர்த்தபோது அதில் ஒன்றின் தலைமையகம் சென்னையில் அமைந்தது. கட்டடத்தையும் காப்பீட்டையும் அறிந்தவர்களுக்கு இந்த ஊரில் பஞ்சமே இருந்ததில்லை.

எடுத்த பிள்ளைகளுக்கு பிரீமிய இலக்கு வைக்காதீர்கள். ஷூரிட்டி அண்டர்ரைட்டர் மறுத்த பாண்டுகளுக்கும் மரியாதை இருக்க வேண்டும். அவர் எழுத்தில் வேண்டாம் என்றால், கிளை மேலாளரின் மார்ச் மாத அவசரம் அதை மாற்றக் கூடாது. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் மாற்றுகிறவர் பெயரோடும் காரணத்தோடும் கோப்பில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். எனக்கு அன்று அந்த ஒரு விதி இருந்திருந்தால் போதும்.

அப்படி ஆட்கள் வந்துவிட்டால், ராசிபுரத்துக்காரரிடம் எஃப்.டி. கேட்க அவசியம் இருக்காது. இருபது வருட வேலைப் பட்டியல் இருக்கிறது, நேரத்துக்கு முடித்துத் துறை கொடுத்த சான்றுகள் இருக்கின்றன, நமக்கு நஷ்டம் வந்தால் ஈடுகட்டுவோம் என்று பங்குதாரர்கள் தங்கள் சொத்தின் மேல் எழுதித்தரும் ஈட்டுறுதிப் பத்திரம் இருக்கிறது. முதல் பாண்டுக்கு இருபது சதவீதம் வைப்பு வாங்குங்கள். அது நல்லபடி முடிந்தால் அடுத்ததுக்குப் பத்து. மூன்றாவதுக்கு வேண்டாம். நடுவில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்கள் ஆள் போய் சைட்டைப் பார்த்துவிட்டு வரட்டும். தவறப் போகிற வேலை ஒருநாளும் திடீரென்று தவறுவதில்லை. ஆறு மாதம் முன்னாலேயே அந்தக் க்யூப் தொட்டி காய ஆரம்பித்துவிடும். அப்போதே பார்த்துவிட்டால், துறையோடும் கான்ட்ராக்டரோடும் உட்கார்ந்து பேசிக் காப்பாற்ற முடியும்.

இன்னொரு ஆசையும் இருக்கிறது; இந்த மடலில் அதற்கு இடம் குறைவு. மில்லர் சட்டத்தில் இரண்டு பாண்டுகள் உண்டு. ஒன்று வேலை முடியும் என்பதற்கு, இன்னொன்று அந்த வேலைக்கு உழைத்தவர்களுக்கும் பொருள் கொடுத்தவர்களுக்கும் பணம் வந்து சேரும் என்பதற்கு. நம் ஊரில் கான்ட்ராக்டர் விழுந்தால் துறைக்காவது பாண்ட் இருக்கிறது. கம்பி கட்டிய மேஸ்திரிக்கும், பதினைந்து நாள் கூலி நின்றுபோன சித்தாளுக்கும் ஒன்றுமே இல்லை. செயல்பாட்டு பாண்டை ஒழுங்காக நடத்திக் காட்டினால், கூலிக்கான பாண்டையும் ஒருநாள் அரசிடம் தைரியமாகக் கேட்கலாம். அந்த ஓடைக்கரை வரிசையில் நின்ற பெண்கள் என் கண்ணிலேயே இருக்கிறார்கள்.

எனக்கு இன்னும் இரண்டு வருடம்தான் வேலை. அதற்குள் என்னால் முடிந்ததைச் செய்ய விரும்புகிறேன். எந்த நிறுவனமாக இருந்தாலும் சரி, இரண்டு இளைஞர்களை மூன்று மாதத்துக்கு என்னிடம் அனுப்புங்கள். சம்பளம் வேண்டாம், பயணச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். ராசிபுரத்துக்காரரிடம் பேசிவிட்டேன், அவருடைய மூன்று சைட்டிலும் எந்த நோட்டையும் திறந்து பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை மதியம் வந்து சேரும்படி அனுப்புங்கள். நாலு மணிக்கு அங்கே சம்பளம் போட ஆரம்பிப்பார்கள்.

அந்தப் பெண் அதிகாரியின் நோட்டையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
28 வருடமாக உங்களோடு இருக்கும் ஒரு அண்டர்ரைட்டர்